மூங்கில் தனியாக வெந்த நாள்

மேஸ்திரியின் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. காகித ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. டீ டம்ளரைக் கையில் வாங்கும்போதே பாதியைக் குடித்திருப்பான். மாடியிலிருந்து இறங்கினால் கடைசி மூன்று படிகளை அவன் கால் தொட்டதே இல்லை. எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிடத்துக்குப் போயிருப்பான்.

பன்னிரண்டு வயதில் அப்பா அம்மா இருவரையும் இழந்தவன். அக்காள் கல்யாணமாகி வந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் இந்த வீட்டுக்கு வந்தான். "கல்யாண மாப்பிள்ளை நானா, இவனா?" என்று மேஸ்திரி அன்றைக்குக் கேலி செய்தார். அது முதல் அவனை அவர் கூப்பிடுவது 'மாப்ளே' என்றுதான். மேஸ்திரி தம்பதிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதை ஒரு குறையாக நினைக்கவே விடாதபடி அவன் வீட்டை நிறைத்துக்கொண்டு வளர்ந்தான், படித்தான், மாமாவின் ஆலையிலேயே வேலைக்கும் சேர்ந்தான். முப்பத்தொரு வயதாகியும் அக்காள் தட்டு வைத்தால்தான் சாப்பாடு.

மேஸ்திரிக்கு ஆலையில் இருபத்தாறு வருட சர்வீஸ். டைஜஸ்டர் கட்டிடம் முழுக்க அவர் பொறுப்பு. டைஜஸ்டர் என்பது இரண்டு மாடி உயர இரும்புக் கலன். மரத்தையும் மூங்கிலையும் சில்லு சில்லாக வெட்டி அதில் கொட்டி, சோடாக் காரம் கரைத்த தண்ணீர் விட்டு மூடி, நீராவி கொடுத்து வேகவைத்தால் கூழாகும். அந்தக் கூழ்தான் பிறகு காகிதம். ஆலையில் அப்படி மூன்று கலன்கள். ஒன்றும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது பழுதில்லாமலே நான்கு வருடமாகச் சும்மா நின்றது.

அந்த வருடம் அச்சகங்களிலிருந்து காகிதம் திரும்பி வர ஆரம்பித்தது. மடித்த இடத்தில் கிழிகிறது என்றார்கள். அச்சு இயந்திரத்தில் மாவு மாதிரி தூள் அப்பிக்கொள்கிறது, மணிக்கொரு தடவை நிறுத்தித் துடைக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். ஒரு பள்ளிப் பாடப்புத்தகம் பிரித்த முதல் வாரத்திலேயே ஏடு ஏடாகக் கழன்று கைக்கு வந்ததாம். மேனேஜர் அதைத் தூக்கிக்கொண்டு கட்டிடம் கட்டிடமாகச் சுற்றினார். சலவைப் பகுதிக்காரர்கள் இயந்திரப் பகுதியைக் கை காட்டினார்கள், இயந்திரப் பகுதிக்காரர்கள் டைஜஸ்டரைக் கை காட்டினார்கள்.

"மாமா, தப்பு உங்க பக்கம்தான்" என்றான் அவசரம், ஒரு நாள் சாப்பிடும்போது.

"சோத்துல கை வச்சிருக்கேன். கொஞ்சம் பொறுத்துத் திட்டு."

"உங்களத் திட்டல. மரத்தையும் மூங்கிலையும் ஒண்ணாக் கொட்டுறோம்ல, அது தப்பு. மூங்கில் உள்ள வெத்திடம் நிறைய, காரத் தண்ணி சட்டுனு ஏறிடுது. சீக்கிரம் வெந்துடும். மரம் அப்பத்தான் பாதி வெந்திருக்கும். மரம் வேகட்டும்னு நாம காத்திருக்கோம். அதுக்குள்ள மூங்கில் நாரு வெந்து வெந்து செத்துப் போயிடுது. காகிதத்துக்குப் பலமே அந்த நீள நாருதான் மாமா."

அக்காள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கிழங்கையும் கீரையையும் ஒரே பாத்திரத்துல போட்டா கீரை குழைஞ்சிடும், கிழங்கு கல்லு மாதிரி கிடக்கும். இதக் கண்டுபிடிக்கவா அஞ்சு வருஷம் காலேஜ் போனே?"

அவசரம் சோற்றை விழுங்காமலே சிரித்தான். "அக்காவ மேனேஜரா போட்டிருக்கணும்."

அவனுடைய யோசனை எளிமையானது. மூங்கிலைத் தனியாக, குறைந்த நேரம் வேகவைக்க வேண்டும். மெல்லிய சல்லடையில் அலசினால் மூங்கிலில் இருக்கும் மாவுத் துகள் தண்ணீரோடு போய்விடும், நீள நார் மட்டும் நிற்கும். அதை மென்மையாக அரைக்க வேண்டும். மரக் கூழைத் தனியாக வேகவைத்து அதற்கேற்றபடி அரைக்க வேண்டும். கடைசியில் காகித இயந்திரத்துக்குப் போகும் முன்தான் இரண்டையும் கலக்க வேண்டும். நீள நார் பலம் தரும், மரத்தின் குட்டை நார் இடைவெளியை நிரப்பி வழவழப்புத் தரும்.

மேனேஜரிடம் ஒரு மாதம் நடையாய் நடந்தான். கடைசியில், நச்சரிப்புத் தாங்காமலோ என்னவோ, அவர் ஒரே ஒரு பரிசோதனைக்குச் சம்மதித்தார். ஒன்றையும் இரண்டையும் நிறுத்த முடியாது, மூன்றாம் கலனில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான்கு வருடம் சும்மா நின்ற கலனை அப்படியே சூடாக்கிவிட முடியாது. உள்ளே தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரமும் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து வர வேண்டும். ஒரு சொட்டுக் கசியாவிட்டால்தான் கையெழுத்துப் போடலாம். அது மேஸ்திரியின் வேலை.

அன்று அழுத்தம் ஏற்றிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பம்பு ஆள் வந்து நின்றான். "மேஸ்திரி, ரெண்டாம் நம்பர்ல தண்ணி கேட்டுக் கத்துறாங்க. பம்ப அங்க திருப்பணும்."

மேஸ்திரி கலனைச் சுற்றி இன்னொரு தடவை நடந்தார். எங்கேயும் ஈரமில்லை. எல்லா இணைப்பும் உலர்ந்து கிடந்தது. பன்னிரண்டு நிமிடம் தாங்கியது முப்பது நிமிடம் தாங்காதா என்று நினைத்தார். இருபத்தாறு வருடம் பார்த்த கண் இது, எனக்குத் தெரியாததா என்றும் நினைத்தார். "திருப்பிக்கோ" என்று சொல்லிவிட்டுத் தாளில் 'முப்பது நிமிடம், கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேறு எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, யாரும் அவரை நெருக்கவும் இல்லை. பிற்பாடு எத்தனையோ முறை அந்தக் கணத்துக்கு ஒரு சாக்கு தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் காலை மூங்கில் சில்லுகளைக் கொட்டி மூடியபின் அவசரம் அவர் பக்கத்தில் வந்தான்.

"மாமா, அரை மணி நேரம் முழுசா வச்சுப் பாத்தீங்கல்ல?"

"வச்சாச்சு மாப்ளே. நீ என்னைக்குடா இவ்வளவு நிதானமானே?"

"இது நம்ம மூங்கிலாச்சே மாமா" என்று சிரித்தான்.

அன்று அவனைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். நீராவி ஏறும்போதும், வேகும்போதும், ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அழுத்த மானிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டான். வெந்து முடியும் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதினான். வெந்து முடிந்து அழுத்தத்தை இறக்க ஆரம்பித்தார்கள். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கலனின் அடியிலிருக்கும் குழாயில் மாதிரி எடுக்கப் போகலாம் என்பது விதி. ஊசி கோட்டைத் தொட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியது. அப்போதும் மேலே நின்ற மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்தான். அவர் போகலாம் என்று கையை அசைத்தார். அவன் வாளியை எடுத்துக்கொண்டு நடந்து போனான்.

அவன் தலைக்கு மேலே இருந்த ஒரு குழாய் இணைப்பின் அடைப்புப் பட்டை, நான்கு வருடத்தில் உள்ளுக்குள்ளேயே இற்றுப் போயிருந்தது, அப்போது பிய்ந்து தெறித்தது. காலை பதினொன்றே கால் மணி. கொதிக்கும் கரிய காரத் தண்ணீர் அவன்மேல் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தடவை நினைவு வந்தது. அக்காள் குனிந்தாள்.

"அக்கா... கூழப் பாத்தாங்களா?"

மறுநாள் இறந்துபோனான்.

ஆலையில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. மேஸ்திரியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"அழுத்தச் சோதனை முப்பது நிமிஷம் நடந்ததுன்னு எழுதியிருக்கீங்க. சரிதானா?"

"சரிதாங்க."

"அவர் மாதிரி எடுக்கப் போனப்ப ஊசி எங்க இருந்துச்சு?"

அதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவன் போய்விட்டான். ஊசி சரியான இடத்தில் இருந்தது என்று சொன்னால், பிறகு ஏன் வெடித்தது என்று கேட்பார்கள். சோதனைத் தாளைத் துருவுவார்கள். பம்பு ஆளைக் கூப்பிடுவார்கள்.

"நான் கவனிக்கலைங்க."

குழுவில் ஒருவர் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "அவர 'அவசரம்'னு கூப்பிடுவாங்களாமே?"

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி.

அந்த மூன்று பதிலில் அது ஒன்றுதான் உண்மை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆர்வ மிகுதியால், அழுத்தம் இறங்கும் முன்பே மாதிரி எடுக்கச் சென்றதே விபத்துக்குக் காரணம் என்று அறிக்கை வந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. "அவன் சுபாவம் அப்படி, என்ன செய்ய" என்று ஆலை முழுக்க உச்சுக்கொட்டினார்கள்.

மேஸ்திரியின் மனைவி அழவில்லை. தம்பியின் மேல் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்திலெல்லாம் திட்டினாள். துணி மடிக்கும்போது, கதவைச் சாத்தும்போது, விளக்கைப் போடும்போது திட்டினாள். "ஆயிரம் தடவ சொன்னேனே, நில்லுடா, மூச்சு விட்டுட்டுப் போடான்னு. காதுல வாங்கினானா? போற உசுரு போறப்பக்கூடக் கூழ் கூழ்னுதானே கேட்டான். அந்தப் பாழாப்போன கூழு பெருசாப் போச்சு, நான் பெருசா இல்ல." துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இதையே சொன்னாள். வந்தவர்கள் சங்கடத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் உண்மை வாய் வரைக்கும் வரும். விழுங்கிவிடுவார். அப்படி நான்கு மாதம் போனது.

இதற்கிடையில் மூன்றாம் கலனைச் சுத்தம் செய்தபோது உள்ளே அந்த மூங்கில் கூழ் அப்படியே இருந்தது. பரிசோதனைக் கூடத்தின் பெரிய அம்மாள், அவசரத்துக்கு வேலை கற்றுத்தந்தவர், அதைக் கொட்டவிடவில்லை. அவன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவன் எழுதியபடியே அலசினார், அரைத்தார். தனியாக வெந்த மரக் கூழை வரவழைத்துக் கலந்தார். பத்துத் தாள் செய்து மடிப்புச் சோதனை இயந்திரத்தில் மாட்டினார். பழைய காகிதம் இருபத்தைந்து மடிப்பில் அறுந்துவிடும். இது நூறைத் தாண்டியது. நூற்றெண்பதுக்குப் பிறகுதான் அறுந்தது. அவர் இயந்திரத்தைச் சோதித்துவிட்டு இன்னொரு தாளை மாட்டினார். அதுவும் அப்படியே. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

ஆலை அந்த முறைக்கு மாறியது. மூன்றாம் கலனின் இணைப்புகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, மூங்கிலுக்கென்று ஒதுக்கினார்கள். அச்சகங்களிலிருந்து புகார் நின்றது. முதல் பெரிய லாரி கிளம்பிய அன்று மேனேஜர் முற்றத்தில் எல்லோரையும் கூட்டி நாலு வார்த்தை பேசினார். "நம்ம தம்பி இன்னைக்கு இல்ல. கொஞ்சம் அவசரப்பட்டுட்டார். ஆனாலும் நமக்கு நல்ல வழியக் காட்டிட்டுப் போயிருக்கார்" என்றார். கும்பலில் நின்றவர்கள் வருத்தத்தோடு புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகையை மேஸ்திரியால் தாங்க முடியவில்லை. ஷிஃப்ட் முடியக் காத்திராமல் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி தம்பியின் அறையில் இருந்தாள். நான்கு மாதமாகத் தொடாமல் இருந்த அலமாரியை அன்றைக்குத்தான் திறந்து, சட்டைகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டிருந்தாள்.

"என்னங்க, நேரத்தோட வந்துட்டீங்க? பாருங்க, ஒரு சட்டையிலாவது மேல் பட்டன் இருக்கான்னு. அத மாட்டக்கூட நேரம் இல்ல துரைக்கு."

"அவனத் திட்டாத."

"திட்டாம?"

"அவன் அவசரப்படல." அவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே போக அவருக்குத் துணிவு வரவில்லை. "ஊசி கீழ இறங்குற வரைக்கும் உக்காந்திருந்தான். இறங்கின பிறகும் என்னப் பாத்தான். நான்தான் போன்னு கையக் காட்டினேன்."

அவள் கையில் சட்டையோடு திரும்பினாள்.

"கலன அரை மணி நேரம் சோதிக்கணும். நான் பன்னெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டேன். முப்பதுன்னு எழுதிட்டேன்."

"ஏன்?"

"தெரியல. சரியா இருக்கும்னு நெனச்சேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவன் கேட்டானா உங்கள?"

"கேட்டான்."

"என்ன கேட்டான்? அவன் கேட்ட மாதிரியே சொல்லுங்க."

மேஸ்திரி சொன்னார். 'மாமா, அரை மணி நேரம் முழுசா வச்சுப் பாத்தீங்கல்ல' என்று அவன் கேட்டதையும், வச்சாச்சு என்று தான் சொன்னதையும், கூடவே கேலி செய்ததையும் சொன்னார்.

அவள் அந்தச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. நான்கு மாத அழுகையும் சேர்ந்து வந்தது. "நாலு மாசமா உன்னத் திட்டிக்கிட்டே இருந்தேனேடா" என்றாள் சட்டைக்குள்ளிருந்து. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ பொறுமையா இருந்தியேடா." மேஸ்திரி ஓர் அடி முன்னால் வைத்தார். அவள் நிமிராமலே கையை நீட்டி, வராதே என்று தடுத்தாள்.

வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. சொல்லாம இந்த வீட்டுக்கு வராதீங்க."

அவர் அப்போதே ஆலைக்குத் திரும்பி நடந்தார். மேனேஜர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மேஸ்திரி, முடிஞ்சு போன விஷயம். போனவர் திரும்பி வரப்போறதில்ல. உங்களுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம்தான் இருக்கு. எதுக்குக் கிளறுறீங்க?"

"போனவன் பேர்ல ஒரு பொய் இருக்குங்க. அத எடுக்கணும்" என்றார் மேஸ்திரி. தாள் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பம்பு ஆளின் பெயரை எழுதவில்லை. அவன் பம்பைக் கேட்டது தப்பில்லை, தான் கொடுத்ததுதான் தப்பு என்பது அவர் கணக்கு.

குழு மறுபடியும் கூடியது. அறிக்கை திருத்தப்பட்டது. அவருடைய மேஸ்திரி வேலை போனது. டைஜஸ்டர் கட்டிடத்துக்குள் இனி நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டு, சில்லு முற்றத்துக்கு அனுப்பினார்கள். மரமும் மூங்கிலும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. சில்லுகளைச் சுமந்து ஓடும் பட்டையின் பக்கத்தில் நின்று, மூங்கிலோடு வரும் மரத் துண்டைப் பொறுக்கி எறிய வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் நாளெல்லாம் நிற்பது எளிதாக இல்லை. முன்பு அவரைக் கண்டால் பீடியை மறைத்தவர்கள் இப்போது அவர் எதிரிலேயே ஊதினார்கள். சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெரிய அம்மாள் மட்டும் போகும்போதும் வரும்போதும் ஒரு கணம் நின்று, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வசவைவிட அவருக்கு அதிகம் வலித்தது.

மனைவி அவரை விட்டுப் போகவில்லை. போவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சமைத்தாள், பரிமாறினாள், அவர் சட்டையைத் துவைத்தாள். ஆனால் 'என்னங்க' என்று கூப்பிடுவது நின்றுபோனது. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். படுக்கையைத் தம்பியின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். வருகிறவர்களிடம் தம்பியைப் பற்றி இப்போது வேறு மாதிரி பேசினாள். "என் தம்பி அன்னைக்கு எழுந்திருக்கவே இல்லையாம், ஊசி இறங்குற வரைக்கும் உக்காந்தே இருந்தானாம்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஒரு வருடம் அப்படிப் போனது. ஒரு விடுமுறை நாள் காலையில் அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அவன் நின்ன இடத்த நான் பாக்கணும்."

கலன்களை நிறுத்தி வைக்கும் நாள் அது. மேஸ்திரிக்கு உள்ளே போக அனுமதி இல்லை. பெரிய அம்மாளிடம் சொன்னார். அவர் வாசலுக்கு வந்து அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். மேஸ்திரி வெளியே, சில்லுக் குவியல்களுக்கு நடுவில் நின்றார். திறந்திருந்த இரும்புக் கதவு வழியாக அவள் மூன்றாம் கலனின் அடியில் போய் நிற்பது தெரிந்தது. அண்ணாந்து பார்த்தாள். பெரிய அம்மாள் எதையோ காட்டிச் சொன்னார். அவள் தலையை அசைத்தாள். பிறகு சற்றுத் தள்ளி, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரிலிருந்த அழுத்த மானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலன் குளிர்ந்து கிடந்தது. ஊசி பூஜ்யத்தில் நின்றது. ஆனாலும் அவள் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் கண் வறண்டிருந்தது. மேஸ்திரி வழிவிட்டு ஒதுங்கினார். அவள் நாலடி நடந்துவிட்டு நின்றாள்.

"உங்களுக்கு நிக்க முடியுதா நாளெல்லாம்?" என்று கேட்டாள், திரும்பாமல்.

"முடியுது."

"கால் வீங்கியிருக்கு. பாத்தேன்."

இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். அவள் முன்னால், அவர் பத்தடி பின்னால். திருப்பத்தில் ஒரு லாரி வந்தது, மூங்கில் ஏற்றிக்கொண்டு. அவள் ஓரமாக ஒதுங்கி, அது போகும் வரைக்கும் நின்றாள். அவரும் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டார்.